சேலத்து மே மாதத்தைத் தாங்கும் சின்ன நாய்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"வீட்டுக்கு ஒரு சின்ன நாய் வாங்கலாம்னு இருக்கோம், எந்த ஜாதி நல்லது?" தெரிந்தவர்கள் என்னிடம் பேச்சை இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டு ஹால் எப்படிக் கொதிக்கும் என்று கேட்பேன். கேள்வி புரியாமல் பார்ப்பார்கள். ஆனால் சேலத்தில் நாய் தேடுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதை நான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

எங்களிடம் முதலில் வந்தவன் முத்து. பக் இனம். அப்போது நாங்கள் அஸ்தம்பட்டியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம், தலைக்கு மேலே மொட்டை மாடி. முத்துவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அந்த முகம். 2003இல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்திலிருந்தே என் மனதில் இருந்த முகம் அது. ஒரு மே மாதம், கரண்ட் போன மத்தியானத்தில், அவன் மூச்சு குறட்டைபோல மாறியது. நாக்கு ஊதா நிறத்துக்குப் போனது. எழுந்து நிற்க முயன்று பக்கவாட்டில் சரிந்தான். ஈரத் துண்டால் உடம்பு முழுவதும் ஒற்றிக்கொண்டே ஆட்டோவில் கொண்டுபோனோம். பிழைத்தான். அதற்குப் பிறகு அவன் இருந்த காலம் வரை, மார்ச் தொடங்கி ஜூன் முடியும் வரை எங்கள் வீட்டு நேரமெல்லாம் அவன் மூச்சைச் சுற்றியே ஓடியது. அவனை வளர்த்ததில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை. ஆனால் அவன் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அந்தப் பாடு இன்னொரு நாய்க்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாரம் வீட்டைப் பாருங்கள்

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மீதிச் சூடு முழுவதும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதில்தான் வெளியேற வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 106ஐத் தொட்டால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கிவிடும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெளி வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம்போல ஊர். காற்று அசையாத நாட்களில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும்.

அதனால் முதல் வேலையாக, மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு மணிக்குள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பாருங்கள். நாய் வாழப்போவது அந்த உயரத்தில்தான். கரண்ட் போனால் அந்த மூன்று மணி நேரத்தைத் தாக்குப்பிடிக்கக் குளிர்ந்த மூலை ஏதாவது இருக்கிறதா? தரைத்தளம், சிவப்புச் சிமெண்ட் தரை, பின்பக்கம் ஒரு வேப்ப மரம் என்று இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். மேல்மாடியாக இருந்தால், சிமெண்ட் ஷீட் அல்லது தகரக் கூரையாக இருந்தால், முடி அடர்ந்த இனங்களையும் முகம் சப்பையான இனங்களையும் இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தரையைப் பார்க்கும்போதே வழுக்குகிறதா என்றும் பாருங்கள். இப்போது எல்லா வீட்டிலும் பளபளவென்று டைல்ஸ். சின்ன நாய்களுக்குப் பின்னங்கால் முட்டிச் சில்லு விலகுவது அடிக்கடி வரும் தொல்லை. வழுக்கும் தரையில் ஓடி ஓடி அது இன்னும் மோசமாகும். நாய் அதிகம் நடமாடும் வழியில் கோரைப்பாயோ ரப்பர் விரிப்போ போட்டால் போதும்.

அடுத்தது நேரம். காலை எட்டு மணிக்குப் பூட்டினால் மாலை ஆறுக்குத்தான் திறக்கும் வீடா? அப்படியானால் குட்டி வேண்டாம். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நான்கு மாதம் ஆகும்வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு கொடுக்க வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், யாரோ விட்டுவிட்டுப் போன அல்லது மீட்கப்பட்ட, இரண்டு மூன்று வயதான அமைதியான நாயை எடுப்பது எவ்வளவோ நல்லது. அதன் குணமும் உயரமும் என்ன என்று முன்பே தெரிந்துவிடும். வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தாலும் இதையேதான் சொல்வேன். காலுக்குள் ஓடி வரும் குட்டி தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் மிகச் சின்ன நாயைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தைக்குச் சின்ன நாய் ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு கிலோ எடையுள்ள சிவாவா இன நாயைக் குழந்தை தூக்கிக் கைநழுவ விட்டால் அதன் கால் உடைந்துவிடும். வலியில் அது கடிக்கவும் செய்யும். ஆறு ஏழு கிலோவுக்கு மேல் உள்ள உறுதியான உடம்புக்கார நாய்தான் குழந்தைகளுக்குச் சரி.

அப்புறம், வீட்டில் உள்ள எல்லோரிடமும் பேசுங்கள். சாமி அறைப் பக்கம் நாய் வரக்கூடாது என்று அம்மாவோ மாமியாரோ சொன்னால், அதை மதித்து அந்த வாசலுக்குச் சின்னத் தடுப்புக் கதவு போட்டால் முடிந்தது. ஆனால் நாயே வேண்டாம் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் அவர் மனம் மாறும்வரை காத்திருங்கள். பகலில் நாயோடு இருக்கப்போவது பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மறைத்துக் கொண்டுவந்து, பிறகு வீட்டை மாற்றுவதா நாயை மாற்றுவதா என்ற நிலைக்கு வந்தால் பாதிக்கப்படுவது அந்த நாய்தான். சொந்த அடுக்குமாடி என்றால் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். வளர்ப்பு நாயே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அசுத்தம் செய்யாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் பொறுப்பு.

குட்டிக்கு முன்னால் மருத்துவர்

இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். குட்டி வந்து, அதற்கு வயிற்றுப்போக்கும் வந்த பிறகுதான் டாக்டரைத் தேடுகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய கால்நடை மருத்துவர் யார், அவர் நாய்களை அதிகம் பார்க்கிறாரா, ராத்திரியில் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பதை முதலிலேயே கேட்டு வையுங்கள். மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசுக் கால்நடை மருத்துவமனையிலும் நாய்க்கு ஊசி போடுகிறார்கள், வெட்கப்படாமல் போங்கள். பெரிய சிக்கல் என்றால் நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே தலைவாசலிலும் ஒன்று வந்துவிட்டது.

மருத்துவரிடம் போனால், நீங்கள் மனதில் வைத்திருக்கும் இனத்தைச் சொல்லி, அந்த இனத்து நாய்கள் எதற்காக அதிகம் அவரிடம் வருகின்றன என்று கேளுங்கள். விற்கிறவர் சொல்லாத செய்தி அங்கே கிடைக்கும்.

எந்த இனம்

பக். ஆறிலிருந்து எட்டுக் கிலோ. குழந்தைகளிடம் தங்கமான குணம், குரைப்பதும் குறைவு. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சப்பை மூக்கும் குறுகிய நாசித் துளையும் தொண்டைக்குள் நீண்டு தொங்கும் சதையும் சேர்ந்து, மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கும் அந்த ஒரே வழியையும் பாதி அடைத்துவிடுகின்றன. முழு நேர ஏசி, அதற்கு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இல்லாத சேலத்து வீட்டுக்குப் பக் வேண்டாம். பிரெஞ்ச் புல்டாக்குக்கும் இதே பதில்தான். முத்துவை அவ்வளவு நேசித்தவள் சொல்கிறேன், கேளுங்கள்.

ஷிட்சூ. நான்கிலிருந்து ஏழு கிலோ, திபெத், சீனப் பக்கத்து நாய். இப்போது ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் மாலை நேரத்தில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். மடியை விட்டு இறங்காது, அவ்வளவாகக் குரைக்காது. இதுவும் சப்பை முகம்தான், ஆகவே சூட்டுக்குப் பயம் உண்டு. அதோடு முடி வேலை இருக்கிறது. தினமும் பத்து நிமிடம் சீவ வேண்டும், கண் ஓரம் துடைக்க வேண்டும், ஒரு மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை முடி வெட்ட வேண்டும். கோடையில் குட்டையாக வெட்டலாம், ஆனால் தோல் தெரிய மழிக்காதீர்கள், வெயில் தோலைச் சுட்டுவிடும். தினமும் தலைவாரி விடுவதை ஒரு சுகமாக நினைப்பவர் வீட்டில் இருந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் முடி சிக்குப் பிடித்து, அதற்கு அடியில் புண் வந்துவிடும். லாசா ஆப்சோவுக்கும் முடி வேலை இவ்வளவு உண்டு. அது திபெத்திய மடாலயங்களில் காவல் காத்த இனம் என்பதால் யார் வந்தாலும் குரல் கொடுக்கும்.

பொமேரியன். நம் ஊரில் இந்தப் பெயரில் வளர்வது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். உண்மையான பாமரேனியன் மூன்றரைக் கிலோவைத் தாண்டாது. நம் தெருக்களில் வெள்ளை வெளேரென்று ஐந்து முதல் ஏழு கிலோவில் நிற்பது வேறு. தலைமுறைகளாக நம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நாய் அது. முடி அடர்த்தியாக இருந்தாலும் மூக்கு நீளம், அதனால் மூச்சில் தடை கிடையாது. புத்திசாலி, சோற்றோடும் குழம்போடும் வளர்ந்த அந்தக் காலத்து வீடுகளிலேயே பதிமூன்று பதினான்கு வருடம் வாழ்ந்திருக்கிறது. குறை ஒன்றுதான், குரைக்கும். கேஸ்காரர் வந்தாலும் குரைக்கும், காக்காய் உட்கார்ந்தாலும் குரைக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடு என்றால் பக்கத்து வீட்டாரை யோசித்துக்கொள்ளுங்கள். தனி வீடு, தரைத்தளம், முதல் நாய் என்றால் எனக்கு இதைவிட நல்ல தேர்வு தெரியவில்லை. நாகரிகம் மாறியதால் இன்று இதைக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

டாஷண்ட், நீள உடம்புக் குட்டைக் கால்காரர். வளைக்குள் புகுந்து வேட்டையாட ஜெர்மனியில் உருவான இனம். முடி குட்டை, மூக்கு நீளம், சேலத்து வெயிலுக்குப் பரவாயில்லை. முதுகெலும்புத் தட்டு நழுவி பின்னங்கால் செயலிழப்பது இதன் பரம்பரைத் தொல்லை. மாடிப்படி ஏறி இறங்கும் வீட்டுக்கும், அன்பு மிகுந்து அடிக்கடி ஊட்டிவிடும் பாட்டி இருக்கும் வீட்டுக்கும் இது ஒத்துவராது. எடை கூடினால் முதுகு போய்விடும்.

பீகிள் பார்க்கச் சின்னதுதான், பத்துக் கிலோ. ஆனால் மோப்பம் பிடித்துக்கொண்டே மைல் கணக்கில் ஓடப் பிறந்த வேட்டை நாய் அது. ஒரு மணி நேர நடை இல்லாவிட்டால் சோஃபாவைத் தின்னும், ஊளையிடும். ஃப்ளாட்டுக்கு வேண்டாம். மினியேச்சர் பின்ஷர், நம்மவர்கள் மின்பின் என்பது, வெயில் தாங்கும், முடி வேலை கிடையாது, நான்கைந்து கிலோ. ஆனால் எலி சந்து கிடைத்தாலும் தப்பிக்கும், கேட்டைச் சரிபார்த்துவிட்டு எடுங்கள்.

"டீகப்" என்று சொல்லி உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார்கள். அப்படி ஒரு இனமே கிடையாது. குறைப்பிரசவத்தில் வந்ததோ, இருப்பதிலேயே நோஞ்சானோ, இல்லை இன்னும் ஒரு மாதம்கூட ஆகாததோதான் அந்தப் பெயரில் விற்கப்படுகிறது. ஒரு வேளை சாப்பாடு தவறினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி வலிப்பு வரும். தயவுசெய்து வாங்காதீர்கள்.

இனி, யாரும் கேட்காத ஒன்று: நாட்டு நாய். வளர்ந்தால் சுமார் பதினைந்து கிலோ இருக்கும், பெண் நாய் இன்னும் கொஞ்சம் குறைவு. மடி நாய் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் ஒரு படுக்கையறை வீட்டிலேயே நிம்மதியாக வாழும், முடி வேலை இல்லை, பரம்பரை நோய்கள் குறைவு, நம் வெயில் அதற்குப் பழகியது. முத்து போன பிறகு எங்களுக்கு வந்தவள் கன்னங்குறிச்சியில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் பிறந்த பெண் குட்டி. பெயர் செல்லி. மே மாத மத்தியானம் குளியலறை வாசலில் ஈரத் தரையில் நான்கு காலையும் நீட்டிப் படுத்துத் தூங்குகிறாள். மூச்சை நான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சின்ன நாய்தான் வேண்டும் என்று நீங்கள் தேடுவது எதற்காக என்று ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள். இடம் இல்லை என்பதற்காக என்றால் நாட்டு நாய்க்கும் அந்த இடம் போதும்.

ஏற்காட்டில் வீடு என்றால்

மேலே சொன்னதெல்லாம் சமவெளிக்கு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே கணக்கு மாறிவிடும். சூட்டுக்குப் பயந்து தள்ளிவைத்த ஷிட்சூவும் லாசாவும் மலையில் நிம்மதியாக இருக்கும். மின்பின், சிவாவா மாதிரி முடி குட்டையான சின்ன உடம்புகள் டிசம்பர் ராத்திரியில் நடுங்கும். தரையை விட்டு உயர்த்திய படுக்கையும் கம்பளியும் வேண்டும்.

பனியும் மழையும் மாறி மாறி இருப்பதால் ஈரம் காயாமல் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பூஞ்சை பிடிக்கும், தொங்கும் காது இனங்களுக்கு இன்னும் அதிகம். வெளியே போய் வந்ததும் துடைத்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எஸ்டேட் பக்கம் உண்ணி அதிகம், பாம்பும் உண்டு. காட்டெருமை இறங்கும் இடங்களில் கயிறில்லாமல் விடவே கூடாது. சின்ன நாய் குரைத்துக்கொண்டு ஓடி அதைச் சீண்டிவிட்டு உங்களிடமே திரும்பி ஓடி வரும். காப்பிக்கொட்டை காயப்போட்ட களத்தில் விளையாட விடாதீர்கள், காஃபீன் நாய்க்கு விஷம்.

சேலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைக்குக் கூட்டிப் போகிறவர்கள், கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். வளைவுகளில் வாந்தி நிச்சயம். மே மாதம் ஏற்காடு கோடை விழாவில் நாய்க் கண்காட்சி நடக்கும். குட்டி தேடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே மைதானத்தில் பல இனங்களை வளர்ந்த உருவத்தில் பார்க்கலாம், வளர்ப்பவரிடமே சாப்பாட்டுச் செலவு முதல் குணம் வரை கேட்கலாம். கூட்டத்திலும் சத்தத்திலும் எந்த நாய் பொறுமையாக இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

குட்டியை எப்படிப் பார்ப்பது

பணம் கொடுக்கும் முன் மூன்று காரியம் கேளுங்கள். தாயைப் பார்க்க வேண்டும், பிறந்த தேதி தெரிய வேண்டும், ஊசி அட்டை வேண்டும். தாயைக் காட்ட முடியாது, பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள், கூடையில் கொண்டுவந்து தருகிறோம் என்றால் அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். முத்துவை அப்படித்தான் வாங்கினோம். நாற்பத்தைந்து நாள் என்றார் விற்றவர். மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு முப்பது நாள்கூட இருக்காது என்றார். தாய்ப்பால் மறக்காத குட்டி, முதல் மாதம் முழுக்க வயிற்றுப்போக்கு.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. இனப்பெருக்கம் செய்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. பதிவுச் சான்றிதழைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அந்த எட்டு வாரமும் வெறும் சட்டத்துக்காக வைத்தது இல்லை. கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடித்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி பெரிதானபின்பும் அழுத்திக் கடிக்கும்.

கென்னல் கிளப் சான்றிதழ் உள்ள குட்டி என்று கூடுதல் விலை கேட்பார்கள். பெற்றோர் யார் என்பதை அந்தக் காகிதம் சொல்லும். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. கண்காட்சிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லையென்றால் அந்தப் பணத்தை ஊசிக்கும் பரிசோதனைக்கும் வையுங்கள்.

குட்டியைப் பார்க்கப் போவது சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாக இருக்கட்டும். சாப்பிட்டு முடித்த எல்லாக் குட்டியும் தூங்கி வழியும், எதையும் கண்டுபிடிக்க முடியாது. பசித்த நேரத்தில் ஓடி வருகிறதா பாருங்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி இருக்கக்கூடாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பூச்சியோ உண்ணியோ ரத்தத்தைக் குடிக்கிறது. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானைபோல இருந்தாலும் பூச்சிதான். வாலைத் தூக்கி, பின்புறம் ஈரமாகவோ அழுக்காகவோ இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் நின்று கை தட்டுங்கள், திரும்ப வேண்டும். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள். சப்பை முக இனம் என்றால் ஐந்து நிமிடம் விளையாடவிட்டு, அதன் மூச்சுச் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேளுங்கள். குட்டியிலேயே குறட்டை என்றால் வளர்ந்தபின் சேலத்து வெயிலில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

குணத்துக்கு ஒரு சின்ன சோதனை. குட்டியை மல்லாக்க மடியில் போட்டு, நெஞ்சில் லேசாகக் கை வையுங்கள். கொஞ்சம் திமிறி, பிறகு அடங்கிப் படுப்பதுதான் முதல் நாய்க்குச் சரியான குட்டி. விடாமல் கடித்து முரண்டுபிடிப்பதைப் பழகியவர்கள் எடுக்கட்டும். அசையாமல் உறைந்து கிடப்பது பயந்த குட்டி, அல்லது உடம்பு சரியில்லாதது. மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் குட்டியைப் பார்த்து மனம் இரங்கும், எனக்கும் இரங்கும். இரக்கத்தில் எடுப்பதானால் மருத்துவச் செலவுக்கும் தயாராகி எடுங்கள்.

ஆணா பெண்ணா என்று நிறையக் குழம்புகிறார்கள். பெண் என்றால் தொல்லை என்ற பேச்சில் அர்த்தமில்லை. கருத்தடை செய்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். செய்யாத பெண் நாய்க்கு வயதானபின் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு என்பதால், எந்த வயதில் செய்யலாம் என்று மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடந்த ஓராண்டுக்குள் உங்கள் வீட்டிலோ காம்பவுண்டிலோ பார்வோ என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோய் வந்து ஒரு குட்டி இறந்திருந்தால், ஊசி முடியாத புதுக் குட்டியைக் கொண்டுவராதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவலாம், மண் தரையை அப்படிக் கழுவ முடியாது. ஊசி முடிந்த வளர்ந்த நாயாகப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கோடையில் எடுப்பதானால் காலை ஏழு மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்தபின் கூட்டி வாருங்கள். ஸ்கூட்டர் முன்னால் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு மத்தியானம் ஐந்து ரோட்டு சிக்னலில் நிற்கும் காட்சியை எத்தனையோ முறை பார்த்துப் பதறியிருக்கிறேன். முதல் ஒரு வாரம் அது முன்பு சாப்பிட்ட அதே சாப்பாட்டையே கொடுங்கள். பிறகு மெதுவாக மாற்றலாம். தாயோடு படுத்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தால் ராத்திரி அழுகை பாதி குறையும்.

இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள், மலத்தையும் கொஞ்சம் டப்பாவில் எடுத்துப் போங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்த ஊசிகள், மூன்றாவது மாதத்தில் வெறிநோய் ஊசி, அதன்பின் வருடா வருடம். பூச்சி மருந்து எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கி நடக்கவிடாதீர்கள். ஆனால் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். மூன்று முதல் பதினான்கு வாரம் வரை கேட்ட சத்தமும் பார்த்த முகமும்தான் ஆயுள் முழுவதும் அதற்குப் பழக்கமானவை. அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் இருப்பவர்கள் தறிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்க வைத்துப் பழக்குங்கள். ஆடித் திருவிழா மேளமும் தீபாவளி வெடியும் அதற்குப் பிறகு அவ்வளவாக மிரட்டாது.

வெறும் தயிர் சாதத்தில் நாய் வளராது, புரதம் போதாது. முட்டை, வேகவைத்த கோழிக்கறி, கொஞ்சம் சோறு, பூசணி, கேரட் என்று கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. சாயங்காலம் வாங்கிவரும் தட்டுவடை செட்டில் ஒரு வாய் கேட்டுக் கண்ணைப் பார்க்கும். அதில் வெங்காயமும் பூண்டுச் சட்னியும் இருக்கின்றன, கொடுக்காதீர்கள். மாம்பழக் காலத்தில் குப்பைக் கூடையை மூடி வையுங்கள். கொட்டையை விழுங்கிக் குடலில் அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சை வரை போகும். காய்ச்சல் என்று நம்முடைய பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பதும் ஆபத்து.

கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுத்தால் சின்ன நாய்களின் மூச்சுக்குழாய் நசுங்கும். நெஞ்சோடு சேர்த்துப் போடும் பாடி பெல்ட் வாங்குங்கள். நடக்கக் கிளம்பும் முன் புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து விநாடி வையுங்கள். உங்களால் வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது, இன்னும் ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள்.

குட்டி விளையாட்டில் பல் பட்டு ரத்தம் வந்தால், ஊசி போட்ட குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.

மூச்சு அளவுக்கு மீறி இரைத்து, எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு கடும் சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறினால் அது வெப்ப மயக்கம். நிழலுக்குத் தூக்கிப் போய் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் கட்டியில் வைக்க வேண்டாம், வாயில் தண்ணீரைப் புகட்டவும் வேண்டாம். இந்த நாலு வரியையும் மருத்துவரின் போன் நம்பரையும் ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் முத்துவுக்காக ஒட்டியது இன்னும் அப்படியே இருக்கிறது, நம்பரை மட்டும் இரண்டு முறை மாற்றி எழுதியிருக்கிறோம்.